பஸ் கட்டிலும் ஒரு சிவந்த கண்ணும்

பாலக்காட்டுச் சித்தூரின் குடும்பாரோக்கிய கேந்திரத்துக்கு, அதாவது அரசு குடும்ப நல மையத்துக்கு, ஒரு காமிரா வந்திருக்கிறது. தாடையை ஒரு தாங்கியில் வைத்தால் போதும், கண்ணின் உட்புறத்து நரம்பையும் ரத்தக் குழாய்களையும் படம் பிடித்துவிடும். படம் எங்கோ போய், சர்க்கரையால் கெட்டிருக்கிறதா இல்லையா என்று பதிலும் வந்துவிடுகிறதாம். அங்கே புதிதாக வந்திருக்கும் பெண் டாக்டர், என் பழைய நோயாளி ஒருவரின் மகள், என்னை வரவழைத்துக் காட்டினாள். என் கண்ணையே வைத்து ஒரு படம் எடுத்தாள். நன்றாக இருந்தது. காமிராவைச் சொல்கிறேன். என் கண்ணில் புரை ஆரம்பித்திருக்கிறது.

"இதெல்லாம் இல்லாத காலத்துல என்னங்க மேடம் பண்ணுனீங்க?" என்று கேட்டாள்.

"டார்ச் அடிச்சுப் பாத்தோம்" என்றேன்.

மரியாதைக்குச் சிரித்தாள். அடுத்த மாதம் ஜூனியர் டாக்டர்கள் கூடும்போது வந்து பேச வேண்டும், பேச முடியாவிட்டால் எழுதியாவது கொடுக்க வேண்டும் என்றாள். மேடை ஏறினால் எனக்குக் கோபம் வந்துவிடும். அதனால் எழுதுகிறேன்.

நான் கண் டாக்டர் இல்லை. காய்ச்சல், வயிற்றுப்போக்கு, பிரசவம், பாம்புக்கடி என்று வந்ததையெல்லாம் பார்த்த பொது மருத்துவர். சித்தூரில் பிறந்து, கோழிக்கோட்டில் எம்.பி.பி.எஸ். படித்து, திரும்பச் சித்தூரிலேயே ஓய்வுபெற்றவள். படிக்கும்போது கண்ணுக்கென்று கொடுத்த வாரங்கள் மிகக் குறைவு. இருட்டறையில் பத்துப் பேர் வரிசையில் நின்று ஒரே கருவிக்குள் எட்டிப் பார்ப்போம். எனக்குத் தெரிந்ததெல்லாம் என் இமை மயிர்தான். "தெரிகிறதா?" என்று பேராசிரியர் கேட்பார். "தெரிகிறது சார்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். எல்லோரும் அப்படித்தான் பாஸ் செய்தோம்.

முதல் வேலை எலப்புள்ளிப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில். அறுவடை முடிந்து களத்தில் நெல் தூற்றும் காலத்தில் அங்கே கண் நோயாளிகள்தான் அதிகம் வருவார்கள். ஆறுச்சாமி என்று ஒரு விவசாயி. கையில் காலியான சொட்டு மருந்து பாட்டில்.

"ஏனுங்க டாக்டரம்மா, இந்தச் சொட்டு இன்னொண்ணு எழுதிக் குடுங்க. கடையில சீட்டு கேக்கறானுங்க."

"எதுக்குங்க இது?"

"தூத்தும்போது உமி அடிச்சுதுங்க. கடைக்காரத் தம்பிதான் இதைய உட்டுக்கச் சொன்னானுங்க. உட்ட மறுநாளே செவப்பு கம்முனு போயிருச்சுங்க. இப்ப வெளிச்சம் பாத்தா கூசுதுங்க, அதானுங்க."

டார்ச் அடித்தேன். கருவிழியின் நடுவில் அரிசிக் குருணை அளவில் ஒரு வெள்ளைப் புள்ளி. உமி கீறிய இடத்தில் பூஞ்சை பிடித்திருந்தது. பாட்டிலில் இருந்தது ஸ்டீராய்டு. சிவப்பை அடக்கிவிடும், பூஞ்சையை உரம் போட்டு வளர்த்துவிடும். அன்றே பாலக்காட்டுக்கு அனுப்பினேன். கண் பிழைத்தது. ஆனால் தழும்பு விழுந்து, பகல் இரவு தெரியும், எதிரில் நிற்பவர் முகம் தெரியாது என்ற அளவில் பார்வை நின்றுபோனது. பல மாதம் கழித்துப் பார்த்தபோதும், "என்னதான் சொல்லுங்க, அந்தச் சொட்டு நல்ல சொட்டுங்க" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தை அந்தக் கடைக்காரத் தம்பியிடம் போய்த்தான் தீர்த்துக்கொண்டேன். அவன் என்னைக் கண்டால் ஷட்டரைப் பாதி இறக்குவான்.

ஆறுச்சாமிக்குப் பிறகு எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. சிவந்த கண் எதுவானாலும் டார்ச் இல்லாமல் விடுவதில்லை. ஒரு கண்ணைப் பார்த்தால் மற்றதையும் பார்க்காமல் விடுவதில்லை. அதை எப்படிச் செய்வது என்று ஜூனியர்களுக்காகக் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன். பெரிய வித்தை ஒன்றும் இல்லை.

முதலில், "நல்லா தெரியுதா?" என்று கேட்காதீர்கள். இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது அப்படிக் கேட்டால், ஒரு கண்ணின் குறையை மற்றது மறைத்துவிடும். ஒரு கண்ணை மூடச் சொல்ல வேண்டும். விரலால் மூடவிடாதீர்கள், இடுக்கில் பார்ப்பார்கள். உள்ளங்கையைக் குழித்து, அழுத்தாமல் மூட வேண்டும். பிறகு சுவரில் தொங்கும் காலண்டரைப் படிக்கச் சொன்னாலும் போதும், விரல்களை எண்ணச் சொன்னாலும் போதும். அடுத்து டார்ச். நேராக அடிக்காமல், நெற்றிப் பொட்டின் பக்கத்திலிருந்து கண்ணின் குறுக்காக அடிக்க வேண்டும். கண்ணின் முன்னறை ஆழமாக இருந்தால் வெளிச்சம் மூக்குப் பக்கம் வரை பரவும். அறை குறுகலாக இருந்தால் மூக்குப் பக்கம் நிழல் விழும். அந்த நிழலைப் பார்த்தால் எச்சரிக்கையாக இருங்கள். அந்தக் கண்ணுக்குள் ஊறும் நீர் வடிகிற வழி என்றைக்கு வேண்டுமானாலும் அடைத்துக்கொள்ளலாம். கடைசியாகத் தொடுவது. நோயாளியைக் கீழே பார்க்கச் சொல்லி, மேல் இமையின் மீது இரண்டு ஆள்காட்டி விரல்களையும் வைத்து, ஒன்றால் மெல்ல அழுத்தி மற்றதால் உணர வேண்டும். பழம் கனிந்திருக்கிறதா என்று பார்ப்பதுபோலத்தான். இரண்டு கண்ணையும் தொட்டு ஒப்பிட வேண்டும்.

சர்க்கரை நோயாளிகள் விஷயத்தில் காமிராவை நான் மனதார வரவேற்கிறேன். பின்னாளில் சித்தூரில் கிளினிக் வைத்திருந்தபோது, "கண்ணைக் காட்டுனீங்களா?" என்று கேட்டால், "நல்லாத்தான தெரியுதுங்க, எதுக்குங்க?" என்பார்கள். நன்றாகத் தெரியும்போதே போனால்தான் பிரயோஜனம் என்று தொண்டை வறளச் சொல்லியிருக்கிறேன். இனிமேல் படத்தைக் காட்டிப் பயமுறுத்தலாம். ஆனால் சிவந்த கண்ணோடு வாந்தியெடுத்துக்கொண்டு ஒருவர் வாசலில் வந்து விழுந்தால், அவர் தாடையைத் தூக்கித் தாங்கியில் வைக்க முடியாது. அங்கே டார்ச்தான். இதைச் சொல்லத்தான் போடிமெட்டுக் கதைக்கு வருகிறேன்.

கல்யாணத்துக்குப் பிறகு என் கணவருக்கு இடுக்கிப் பக்கம் மாற்றல் வந்தது. நானும் போடிமெட்டுக்கு இந்தக் கேரளப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். சின்ன ஆஸ்பத்திரிதான், ஆனால் மலையேறி வருகிறவர்களுக்கு முதலில் வரும் ஆஸ்பத்திரி. தலைமை டாக்டர் சாக்கோ. கோட்டயத்துக்காரர், அப்போதே ஐம்பது தாண்டியவர். வயிற்றைத் திறந்து தைப்பதில் அவர் கை அவ்வளவு சுத்தம். ஆனால் நோயாளிகளிடம் அவர் பேசிப் பார்க்க வேண்டும். உட்கார மாட்டார். எனாமல் கப்பில் பாலில்லாத கட்டன் சாயாவோடு வார்டில் நடந்துகொண்டே இருப்பார். கட்டிலுக்குக் கட்டில் நின்று "இனி?" என்று ஒரே ஒரு வார்த்தை கேட்பார். அடுத்து என்ன செய்யப் போகிறோம் என்பதை அந்தந்தக் கட்டிலுக்குப் பொறுப்பான ஆள் அப்போதே சொல்ல வேண்டும். யோசித்தால் அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். தொழிலாளிகளை எல்லாம் "நீ, வா, போ"தான். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை, சிரித்தும் பார்த்ததில்லை.

அவர் கொண்டுவந்த ஏற்பாடுதான் பஸ் கட்டில். போடியிலிருந்து ஏறிவரும் பாதை முழுக்கக் கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு பஸ்ஸிலும் நாலைந்து பேராவது தலைசுற்றி வாந்தியெடுத்துத் துவண்டு வருவார்கள். அவர்கள் எல்லாரையும் வார்டில் சேர்த்தால் மற்றவர்களுக்கு இடம் இருக்காது. அதனால் வராந்தாவில் ஒரு கட்டில் போட்டு வைத்திருந்தார். பஸ்ஸில் வாந்தியெடுத்தவர்கள் அதில் படுக்க வேண்டும். சிஸ்டர் ஒரு வாந்தி ஊசி போடுவார், உப்புப் போட்ட கட்டன் சாயா கொடுப்பார். ஒரு மணி நேரம் கழித்து எழுந்து கேட் வரை நடந்துகாட்டினால் வீட்டுக்குப் போகலாம். டாக்டர் பார்க்க வேண்டியதில்லை என்பதுதான் அந்த ஏற்பாட்டின் சிறப்பு. எனக்கும் அது ரொம்பப் பிடித்திருந்தது. ஒரு வேலை குறைந்ததல்லவா?

அன்று மத்தியான பஸ்ஸில் பேச்சியம்மாள் வந்தார். கொழுந்து எடுக்கும் தொழிலாளி, ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. அண்ணன் இறந்துபோனார் என்று போடிக்குப் போய்விட்டு வந்திருந்தார். பஸ் ஸ்டாண்டில் வாந்தி வராமலிருக்க ஒரு மாத்திரை வாங்கி விழுங்கியும் வழியெல்லாம் வாந்தி, தலைவலி. அந்த வலியில் கட்டிலில் படுக்கவும் முடியாமல், அதன் சட்டத்தில் நெற்றியை முட்டுக்கொடுத்துத் தரையில் உட்கார்ந்திருந்தார். நான் புறநோயாளிகளை முடித்துவிட்டுச் சாப்பிடப் போய்க்கொண்டிருந்தேன். லீலா சிஸ்டர் சிரிஞ்சில் மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார்.

"பஸ் கேஸ்தான் டாக்டரே" என்றார். "எழவு வீட்டுக்குப் போயிட்டு வந்திருக்கா. அழுது கண்ணு செவந்து கிடக்கு."

அப்போதுதான் பேச்சியம்மாள் தலையைத் தூக்கினார். வலது கண் ரத்தமாகச் சிவந்திருந்தது. இடது கண்ணில் சிவப்பே இல்லை.

"அழுதா ரெண்டு கண்ணும்ல சிவக்கணும்?" என்றேன். "ஊசியை வைங்க சிஸ்டர்."

பசி நேரம். சிஸ்டருக்குக் கோபம். எனக்கும் போய்விடலாம் என்றுதான் இருந்தது. ஆனாலும் டார்ச்சை எடுத்தேன். வலது கண்ணின் கருவிழி, ஆவி படிந்த கண்ணாடி மாதிரி மங்கியிருந்தது. கண்ணின் பாப்பா பாதி விரிந்து, வெளிச்சத்துக்குச் சுருங்காமல் அப்படியே நின்றது. இமையின் மேல் விரல் வைத்தேன். கல். பழுக்காத எலுமிச்சங்காய்கூட அதைவிட அமுங்கும். கண்ணுக்குள் நீர் வடியும் வழி அடைத்து அழுத்தம் ஏறியிருக்கிறது என்று அந்த விரலுக்குத் தெரிந்துவிட்டது. கண்ணில் அழுத்தம் ஏறினால் தலை பிளக்கும், வாந்தி வரும். அந்த வாந்திக்கும் பஸ்ஸுக்கும் சம்பந்தமே இருந்திருக்காது. வாந்திக்குப் போடுகிற மாத்திரையும் ஊசியும் பாப்பாவை விரியச் செய்பவை. குறுகலான கண்ணில் அவை அடைப்பை இன்னும் இறுக்கிவிடும்.

இடது கண்ணை உள்ளங்கையால் மூடச் சொல்லி, என் விரல்களைக் காட்டினேன்.

"பொகையா இருக்கு டாக்டரம்மா. லைட்டச் சுத்தி வட்டம் வட்டமாத் தெரியுது."

கையை மாற்றி வலது கண்ணை மூடச் சொன்னேன். விரலை நீட்டினேன். பதில் இல்லை. கையை அருகில் கொண்டுபோனேன். பதில் இல்லை.

"எத்தனைன்னு சொல்லுங்க."

"அந்தக் கண்ணுல கேக்காதீய டாக்டரம்மா" என்றார் மெதுவாக. "அது போயி பத்து வருசம் இருக்கும். யார்ட்டயும் சொல்லிறாதீய."

பார்வையுள்ள ஒரே கண்தான் என் கண்முன்னால் போய்க்கொண்டிருந்தது. இந்த மாதிரிக் கண்ணுக்கு மணிக்கணக்கில்தான் அவகாசம்.

டாக்டர் சாக்கோவைக் கூப்பிட ஆள் அனுப்பினேன். சாப்பாட்டிலிருந்து எழுந்து வந்தார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, நான் பார்த்து முதல் முறையாக ஒரு நோயாளியின் அருகில் தரையில் குந்தினார். இரண்டு கண்ணையும் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னிடம், "இனி?" என்றார்.

"மானிட்டால் டிரிப் போடலாம் சார். தலையில அடிபட்டவங்களுக்குன்னு வச்சிருக்கோமே, அது. அழுத்தம் இறங்கும். கண்ணுக்கான சொட்டு மருந்து நம்மகிட்ட இல்ல. உடனே கீழ கண் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும்."

"செரி" என்றார். "வேன் எடுக்கச் சொல்லு."

பேச்சியம்மாள் கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டார். "நான் கீழ போக மாட்டேன்."

"எந்தா?" என்றார் டாக்டர் சாக்கோ.

"அங்க போனா இந்தக் கண்ணப் பத்தியும் எழுதிக் குடுத்துருவாக. குருடிக்கு எஸ்டேட்ல என்ன வேலை? வேலை போனா லயத்து வீடு போயிரும். அவர எங்க கொண்டுபோயிப் போடுவேன்?"

அவர் சொன்னது உண்மைதான். பேச்சியம்மாளின் கணவர் பக்கவாதத்தில் படுத்து வருஷக்கணக்காகியிருந்தது. மகன் திருப்பூரில், கொழுந்தெடுக்க வருகிற ஆள் இல்லை. வேலையில் இருக்கிறவருக்குத்தான் லயத்தில், அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகளில், இடம். டாக்டர் 'வேலைக்குத் தகுதியில்லை' என்று எழுதினால் அந்த வீட்டைக் காலி செய்ய வேண்டும். அப்படி எழுத வேண்டிய டாக்டர்தான் எதிரில் குந்தியிருந்தார். பத்து வருஷமாக ஒரு கண்ணை எல்லாரிடமிருந்தும் மறைத்தவர், இருக்கிற கண்ணைக் காப்பாற்ற அதை வெளியே சொல்ல வேண்டும்.

"பேச்சீ, கேளு" என்றார் டாக்டர் சாக்கோ. "இந்தக் கண்ணும் போனா நான் எழுதவே வேண்டாம். நீயே கொழுந்துக்குப் போக மாட்டாய். வீட்டு விஷயம் என் கையில. போய்ட்டு வா. பின்ன பேசலாம்."

"எழுத மாட்டீகளா?"

"உள்ளதை எழுதுவேன். ஆனா வீட்டை விட்டு இறக்க மாட்டேன்."

இந்தப் பதிலில் என்ன நம்பிக்கை வந்ததோ தெரியாது. கையை விட்டார்.

நானும் வேனில் போனேன். வேன் என்றால் இன்றைய ஆம்புலன்ஸ் மாதிரி நினைக்காதீர்கள், கொழுந்து மூட்டை ஏற்றுகிற வண்டியில் ஒரு மெத்தை. மானிட்டால் ஏறினால் சிறுநீர் கொட்டும் என்பதைப் புத்தகத்தில் படித்திருந்தேன். அது வளைவுக்கு வளைவு வண்டியை நிறுத்தும் விஷயம் என்று எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை. ஒரு கையில் டிரிப் பாட்டில், மறு கையில் விரித்த போர்வை, ரோட்டோரத்தில் நான். எதிரே ஏறிவந்த பஸ்களிலிருந்து எட்டிப் பார்த்தவர்களை என்னால் முடிந்த மட்டும் திட்டினேன். "ஒங்களுக்கு எம்புட்டு சங்கடம் டாக்டரம்மா" என்று அந்த வலியிலும் பேச்சியம்மாள் வருத்தப்பட்டார். முந்தல் தாண்டி இறங்கும்போது மறுபடியும் இமையைத் தொட்டேன். கொஞ்சம் இளகியிருந்தது. நம்பலாமா என்று தெரியவில்லை. அதன் பிறகு சமவெளிக்கு வந்து புளியமர நிழலில் வண்டி போய்க்கொண்டிருந்தபோது, பேச்சியம்மாள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "டாக்டரம்மா, ஒங்க மூக்குத்தி தெரியுது" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. டிரைவர் என்னவோ ஏதோ என்று வண்டியை நிறுத்திவிட்டார்.

கீழே கண் ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டு அழுத்தத்தை முழுக்க இறக்கினார்கள். மறுநாள் லேசரால், பாப்பாவைச் சுற்றியுள்ள வளையத்தில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை போட்டார்கள். பழைய வழி அடைத்தாலும் நீர் அந்தத் துளை வழியாகப் போய்விடும். வலது கண் பிழைத்தது. இடது கண்ணில் வெளிச்சம்கூடத் தெரியாது, செய்ய ஒன்றுமில்லை என்று டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதியிருந்தார்கள்.

நான் மேலே திரும்பியபோது பஸ் கட்டிலின் தலைமாட்டில் ஓர் ஆணி அடித்து, அதில் டார்ச் ஒன்று கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. கட்டிலில் படுக்கிற ஒவ்வொருவருக்கும் இரண்டு கண்ணையும் பார்த்த பிறகுதான் ஊசி என்று டாக்டர் சாக்கோ சொல்லிவிட்டாராம். "டாக்டர் வந்து பாக்கணும்னும் சொல்லியிருக்காரு" என்று லீலா சிஸ்டர் என்னைப் பார்த்துச் சொன்னார். மிச்சமான வேலை திரும்பி வந்துவிட்டது.

பேச்சியம்மாள் ஆஸ்பத்திரிக்கு வந்து டாக்டர் சாக்கோ முன்னால் நின்றது அதற்கடுத்த வாரம். நானும் இருந்தேன். டாக்டர் டிஸ்சார்ஜ் சீட்டை மேஜையில் விரித்து வைத்திருந்தார். அதற்கு முன்பே அவர் பேச்சியம்மாள் வேலை பார்க்கும் தேயிலைக் காட்டின் ஃபீல்ட் ஆபீசரிடம் பேசிவிட்டார். இவர் பறிக்கும் கொழுந்தில் முற்றல் இலை கலந்ததாக ஒரு நாளும் புகார் இல்லை என்று அந்த ஆபீசர் சொல்லியிருந்தார். டாக்டர் எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார். இடது கண் பார்வை இல்லை. வலது கண் நன்றாக இருக்கிறது. கொழுந்து எடுக்கத் தகுதி உண்டு. கத்தியால் செடியைக் கவ்வாத்து வெட்டவும் செங்குத்தான சரிவுகளில் வேலை செய்யவும் அனுப்பக் கூடாது.

"இதுக்கு மேனேஜர் ஒண்ணும் சொல்ல மாட்டார்" என்றார். "வீடு இருக்கும்."

பேச்சியம்மாள் கையெடுத்துக் கும்பிட்டார். டாக்டர் அதைக் கவனிக்கவில்லை. பேனாவை மூடாமல், "அந்தக் கண்ணு எப்படிப் போச்சு?" என்று கேட்டார்.

"அது சாமி குத்தம்யா."

"என்ன குத்தம்?"

பேச்சியம்மாள் என்னைப் பார்த்தார். சொல்லுங்கள் என்று தலையசைத்தேன்.

"எங்க வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்த வருசம், ஆத்தாளுக்குத் தீச்சட்டி எடுக்கேன்னு நேந்துக்கிட்டேன். தேனிப் பக்கம் சித்திரைத் திருவிழா. ரெண்டு நாளுக்கு மேல லீவு இல்லன்னுட்டாக. கும்பிட மட்டும் செஞ்சிட்டு, சட்டி எடுக்காமப் பாதியில பஸ் ஏறிட்டேன். மலை ஏறையிலேயே தலைய வெட்டுன மாரி வலி. வாந்தி. இங்கதான் கொண்டாந்து வராந்தாக் கட்டில்ல போட்டாக. ஊசி போட்டாக. நடந்து காட்டச் சொன்னாக. நடந்தேன். வீட்டுக்குப் போன்னு அனுப்பிட்டாக. நாலஞ்சு நாள் வலி உசிரு போச்சு. அப்பறம் வலி நின்னுருச்சு, கண்ணையும் காணும். சட்டி எடுக்காமப் போனவ கண்ண ஆத்தா எடுத்துக்கிட்டா."

டாக்டர் சாக்கோ சீட்டை மடித்தார், திரும்ப விரித்தார். பிறகு எழுந்து நின்றார்.

"பேச்சியம்மா, இங்க பாருங்க" என்றார். தொழிலாளி ஒருவரை அவர் 'பாருங்க' என்றதை அன்றுதான் கேட்டேன். "அம்மன் எடுக்கல. இப்ப வலது கண்ணுக்கு வந்ததே, அதே நோய்தான் அன்னைக்கும் வந்தது. அன்னைக்குக் கண்ணை யாரும் பாக்கல. போட்ட ஊசி அதை இன்னும் கெடுத்தது. அந்தக் கட்டிலை அங்க போட்டது நான். டாக்டர் பாக்க வேண்டாம்னு சொன்னதும் நான். தப்பு என்னோடது."

அவர் திட்டுவாங்கத் தயாராக நின்றார் என்று எனக்குத் தெரிந்தது. மேஜையின் விளிம்பில் கையை ஊன்றியிருந்தார். நானும் பேச்சியம்மாளின் முகத்தைப் பார்க்கத் தயங்கினேன். பத்து வருஷம் கழித்து, உன் கண்ணை நாங்கள்தான் கெடுத்தோம் என்று சொன்னால் ஒருவர் என்னதான் செய்வார்? கத்தியிருந்தாலும், யூனியனில் போய்ச் சொல்லியிருந்தாலும் நியாயம்தான். அப்படிச் செய்திருந்தால் நான் பேச்சியம்மாள் பக்கம்தான் நின்றிருப்பேன்.

"அப்போ ஆத்தா எம்மேல கோவமா இல்லையாய்யா?" என்றார் பேச்சியம்மாள்.

டாக்டர் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். ஒரு கணம் தடுமாறினார். "இல்ல" என்றார்.

"நெசமாவா?"

"நெசம்."

பேச்சியம்மாள் என்னைப் பார்த்தார். "ஆமாங்க, இல்லைங்க" என்று நானும் உளறினேன்.

அப்போதுதான் பேச்சியம்மாள் நாற்காலியில் உட்கார்ந்தார். டாக்டர் முன்னால் தொழிலாளிகள் உட்காருவதில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அழுகைக்கு நடுவே சிரிப்பும் வந்தது. அப்படி ஒரு முகத்தை அதற்குப் பிறகு நான் யாரிடமும் பார்த்ததில்லை.

"வருசா வருசம் வெள்ளியில கண்மலர் வாங்கிச் சாத்துதேன்யா" என்றார். "செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கேட்டுக்கிட்டு இருந்திருக்கேன். அவ மொகத்தப் பாக்கப் பயந்து, குனிஞ்ச தலை நிமுராமக் கும்புட்டுட்டு வந்துருவேன். அவ பூ வச்சிருக்காளா, பட்டு கட்டியிருக்காளான்னுகூட எனக்குத் தெரியாது."

மன்னிப்பு என்ற வார்த்தையை டாக்டர் சாக்கோவும் உச்சரிக்கவில்லை, பேச்சியம்மாளும் அதை அவரிடம் எதிர்பார்க்கவில்லை. பேச்சியம்மாளின் மனக்கணக்கில் டாக்டர் அன்று ஓர் ஓரத்தில்தான் நின்றார். அது அவருக்குப் பெரிய தண்டனையாக இருந்தது என்று நினைக்கிறேன்.

பேச்சியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். கதவு வரை போய்விட்டுத் திரும்பினார்.

"அய்யா, இந்தச் சித்திரைக்கு லீவு எழுதித் தருவீகளா? திருவிழா முடியுற மட்டும். இருக்குற கண்ணால அவளை நல்லாப் பாத்துட்டு வந்துருதேன்."

டாக்டர் லீவுச் சீட்டை இழுத்து வைத்துக்கொண்டு, கேட்ட நாட்களை எழுதினார். காரணம் என்ற இடத்தில் பேனா கொஞ்ச நேரம் நின்றது. பிறகு 'கண்' என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.